பைன் கட்டினால் முடிந்துவிடுமா?

மழைக்காலத்து ஞாயிறுகளில் புனே நகரத்தின் இளைஞர் கூட்டம் கடக்வாஸ்லா அணைக்கரைக்குத் திரண்டு வந்துவிடும். சிங்ககட் சாலை நெடுக வண்டிகள். கரையோரம் சுட்ட சோளமும் வெங்காய பஜ்ஜியும். அணையைத் தாண்டி பான்ஷேத் பக்கம் போனால் விடுதிகளும் பண்ணை வீடுகளும் இருக்கின்றன. இருட்டியபின் நகருக்குத் திரும்புகிறவர்களைக் காவலர்கள் மறித்து, மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதச் சொல்வதுண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கும் ஊர் கடக்வாஸ்லா. புனே நகருக்குள் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சசூன் மருத்துவமனையோடு இணைந்த பி.ஜே. அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மருத்துவம் படிக்கிறவர்களும் படிக்கக் காத்திருப்பவர்களும் நிறைந்த நகரத்தில் அந்தக் கருவியில் ஊதுகிறவர் நாளைய மருத்துவராக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அவருடைய வருங்காலம் அந்த இரவோடு போய்விடுமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. போய்விடாது என்பது என் பதில். ஆனால் அதை மறைக்க எடுக்கும் முயற்சியில் போய்விடக்கூடும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு தெளிவானது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் சிறை இரண்டு ஆண்டு வரை போகும், அபராதம் 15,000 ரூபாய். நடைமுறையில் முதல் முறை சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் அபராதத்தோடு வெளியே வருகிறார்கள். அதனால்தான் ‘பைன் கட்டினால் முடிந்தது’ என்ற பேச்சு வீடுகளில் நிலைத்துவிட்டது. ஹெல்மெட் போடாததற்குச் சாலையிலேயே பணம் கட்டித் தீர்க்கலாம். சட்டத்தின் 200-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்படித் தீர்க்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 இல்லை. நீதிபதி முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும். சட்டத்தின் கணக்கில் அது தண்டனை பெற்ற வழக்கு. மகனை அழைத்துக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் ‘வேலையை முடித்துவிட்டு’ வரும் பெற்றோரில் பலருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

மருத்துவக் கல்லூரியின் வாசலில் இது பெரிதாகத் தடுப்பதில்லை. 2024-இல் 24 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்த நீட் தேர்வின் தகுதி விதிகள் வயதையும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையும் மதிப்பெண்ணையும் பற்றியவை. சிக்கல் பின்னால்தான் வரும். வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருப்பதைக் காரணமாகக் காட்டி பாஸ்போர்ட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது; நீதிமன்ற அனுமதியை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அரசுப் பணியில் சேரும்போது காவல்துறைச் சரிபார்ப்புப் படிவம் கைதையும் வழக்கையும் தண்டனையையும் பற்றிக் கேட்கும். மேற்படிப்புக்கு அமெரிக்கா போக நினைத்தால் விசா விண்ணப்பம் கைதையும் தண்டனையையும் கேட்கிறது. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவ மாணவர்களுக்கான வழிகாட்டியிலேயே குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தொழில் தகுதியைக் கேள்விக்குள்ளாக்கும் நடத்தைகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறது.

இந்த இடங்களில் எல்லாம் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பொய்தான். அவ்தார் சிங் வழக்கில் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைப் பொறுமையாக அலசியது. இள வயதில் செய்த சில்லறைக் குற்றத்தை ஒருவர் படிவத்தில் மறைத்திருந்தால்கூட வேலை தருகிறவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. அதே தீர்ப்பு, கேட்ட தகவலை உண்மையாகத் தர வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தது. சில்லறை என்று ஒதுக்க முடியாத வழக்கில் தண்டனை பெற்றதை மறைத்தால் பணி நியமனத்தையே ரத்து செய்யலாம் என்றும் சொன்னது. 185-ஆவது பிரிவு வழக்கு சில்லறையா இல்லையா என்பது அதிகாரிக்கு அதிகாரி மாறலாம். பொய் சொன்னது பொய்தான் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

பதினேழு வயதில் செய்த தவற்றை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வைப்பதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சட்டமும் அப்படிச் சுமக்க வைக்கவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, அச்சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட சிறுவர் எந்தத் தகுதியிழப்புக்கும் ஆளாகக் கூடாது என்கிறது. ஆவணங்களையும் அழிக்கச் சொல்கிறது. கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விலக்கு. பதினெட்டு முடிந்தவர்களுக்கும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவரை, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்பு தொடராது. இந்தப் பாதுகாப்புகள் வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். நேரான வழி இவ்வளவு அகலமாக இருக்கையில் குறுக்கு வழி தேடுவானேன் என்பதே என் கேள்வி.

குறுக்கு வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் புனே பார்த்துவிட்டது. 2024 மே 19 அதிகாலையில் கல்யாணி நகரில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த இளம் மென்பொருள் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் தந்ததைத்தான் நாடு அதிகம் பேசியது. எனக்கு அதைவிடக் கனமாகப் படுவது அன்று பகலில் நடந்தது. சிறுவனின் இரத்த மாதிரி சசூன் மருத்துவமனையில் குப்பைக்குப் போனது, அதன் இடத்தில் தாயின் இரத்தம் வைக்கப்பட்டது என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. ஔந்த் மருத்துவமனையில் எடுத்த இன்னொரு மாதிரியோடு ஒப்பிட்டபோது மரபணு பொருந்தவில்லை. மே 27 அன்று சசூன் மருத்துவர்கள் இருவர் கைதானார்கள். குற்றச்சாட்டு தீர்ப்பாகிவிடாது என்பதை நினைவில் வைத்தே சொல்கிறேன். 2025 ஜூலையில் சிறார் நீதி வாரியம் அந்தச் சிறுவனைப் பெரியவராகக் கருதி விசாரிக்கக் கோரிய மனுவைத் தள்ளியது. ஓட்டியவனுக்குச் சிறார் சட்டத்தின் நிழல் கிடைத்தது. அவனைக் காப்பாற்றக் கைகொடுத்ததாகச் சொல்லப்படும் மருத்துவர்களுக்கு அப்படி ஒதுங்க இடமில்லை.

மருத்துவ மாணவரிடம் மட்டும் ஏன் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டும், பொறியியல் மாணவர் குடித்தால் தப்பில்லையா என்ற கேள்விக்கும் பதில் இந்த வழக்கிலேயே இருக்கிறது. 185-ஆவது பிரிவில் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரை விடுவிக்க வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த அவசரத்துக்குக் காரணம் உடலியல். இரத்தத்தில் ஏறிய ஆல்கஹால், 100 மில்லி இரத்தத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் இறங்கிக்கொண்டே போகிறது. 100 மில்லிகிராம் அளவில் வண்டி ஓட்டியவரிடம் ஏழெட்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஊசியைப் பிடித்திருக்கும் கையின் நேர்மையும் வேகமும் சேர்ந்துதான் சாட்சியம். நள்ளிரவில் அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பை நம்பி ஒரு குடும்பம் நீதிக்குக் காத்திருக்கிறது. இந்தப் பொறுப்பைச் சட்டம் பொறியாளரிடம் கொடுக்கவில்லை.

மூன்றாவது எதிர்ப்புதான் எனக்குக் கடினமானது. பணமுள்ளவன் வழக்கறிஞரை வைத்து வழக்கையே கரைத்துவிடுவான். வழியில்லாதவன் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டுவான். பிறகு பதிவேட்டில் யார் பெயர் நிற்கும்? வசதியற்றவன் பெயர்தான். கல்லூரிச் சேர்க்கையிலேயே வழக்கு விவரம் கேட்டால், முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள்தான் வடிகட்டப்படுவார்கள். இதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆகவே சேர்க்கையில் கேட்கக் கூடாது. வெறும் வழக்கு இருப்பதை வைத்து எவரையும் எடைபோடவும் கூடாது. கேட்க வேண்டிய இடம் மாநில மருத்துவக் கவுன்சிலின் பதிவுப் படிவம். கேட்க வேண்டியது தண்டனையை மட்டும். ஒரு முறை நடந்ததா, திரும்பத் திரும்பவா, யாருக்காவது காயம் உண்டா என்று பார்த்து, முதல் முறை என்றால் எச்சரிக்கையோடும் தேவைப்பட்டால் குடிநோய் ஆலோசனையோடும் விட வேண்டும். இன்றைய விதியில் இந்த நுணுக்கம் இல்லை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெறுவதைப் பொதுவாகத் தவறு என்கின்றன. தொழிலைப் பாதிக்கும் மதுப் பழக்கத்தை நேரடியாகத் தொட்ட புதிய விதிமுறைகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் வெளியிட்டது. அதே மாதம் 23-ஆம் தேதி நிறுத்தி வைத்தது. மற்ற சர்ச்சைகளோடு சேர்ந்து இதுவும் அடியில் போய்விட்டது. இந்த ஒரு பகுதியையாவது தனியே எடுத்து, மேலே சொன்ன படிநிலைகளோடு ஆணையம் மறுபடி கொண்டுவர வேண்டும்.

அதுவரை, வழக்கில் சிக்கிய மாணவருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். யாரையாவது பிடித்து இதை இல்லாமல் ஆக்க முடியுமா என்று அலையாதீர்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம், கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் மாவட்டச் சட்ட உதவி மையத்திலாவது, நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். பணம் கட்டிய ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாமல், தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஐந்தோ பத்தோ ஆண்டு கழித்து ஒரு படிவம் கேட்கும்போது, அந்த நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

(தொடரும்)