75 ஆண்டுகள் யார் பக்கமும் சாயாத பின்லாந்து... நேட்டோவில் சேர்ந்தது ஏன்?

இரண்டாம் உலகப் போர் காலத்தில் சோவியத் யூனியனுடன் இரண்டு முறை மோதி, நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்த நாடு பின்லாந்து. இனி போரே வேண்டாம்னு 1948-ல் அதே சோவியத்துடன் நட்பு ஒப்பந்தம் போட்டது. நேட்டோவிலும் சேரல, வார்சா கூட்டணியிலும் சேரல.

இதனால் என்ன பலன்? 1975-ல் அமெரிக்கா, சோவியத் உட்பட 35 நாடுகள் ஐரோப்பியப் பாதுகாப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டது, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில்தான்.

அப்போ ராணுவத்தைக் கைவிட்டதா? இல்லை. ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை தொடர்ந்தது. ஆனால் மாஸ்கோவை விமர்சிப்பதில் அடக்கி வாசிக்க வேண்டியிருந்தது. அதுதான் நடுநிலைக்குக் கொடுத்த விலை.

2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா முழுவீச்சில் படையெடுத்ததும் கணக்கு மாறியது. ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் எல்லை கொண்ட பின்லாந்து, 2023 ஏப்ரல் 4-ல் நேட்டோவின் 31-வது உறுப்பினரானது. நடுநிலையா இருக்க நம்ம விருப்பம் மட்டும் போதாது. பக்கத்து நாட்டு மேல நம்பிக்கையும் வேணும்.