ஒரு படகு, இரண்டு சறுக்கு

தண்ணீரின் மேல் நிற்பது யோகிகளுக்கு மட்டுமே கைவந்த சித்தி என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில், பெப்பின் ஏரிக்கரையில் வசித்த ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் யோகம் எதுவும் பயிலாமலே அதைச் செய்து காட்டினான். பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தான், அமிழ்ந்தான். பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிப் பார்த்தான், மறுபடியும் அமிழ்ந்தான். கடைசியில் பைன் மரப் பலகை இரண்டு வாங்கி, நுனிகளைக் கொதிநீரில் வேக வைத்து மேல்நோக்கி வளைத்து, சகோதரன் ஓட்டிய மோட்டார் படகுக்குப் பின்னால் கயிற்றைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். நீர்ச்சறுக்கு என்னும் விளையாட்டு பிறந்த கதை இதுதான்.

இந்த விளையாட்டின் முதல் உலகப் போட்டி 1949-இல் பிரான்ஸ் தேசத்தின் தென்கரையில், ஜுவான்-லே-பான் என்ற ஊரில் நடந்தது. நம் புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. பிரெஞ்சுப் பாஷையில் நீர்ச்சறுக்குக்கு ‘ஸ்கி நோத்திக்’ என்று பெயர். அமெரிக்காவில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கரெக்ட் கிராஃப்ட் கம்பெனியார் 1961-இல் இதற்கென்றே ஒரு படகு விற்க ஆரம்பித்தபோது அதற்கு அந்தப் பெயரே இருந்தது. ஆனால் அமெரிக்க நாக்கில் அது ‘நாட்டிக்’ ஆகிவிட்டது! 1968-இல் டென்னஸியில் மாஸ்டர் கிராஃப்ட் தோன்றியது, 1982-இல் மாலிபு. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பெயர்கள் இவை மூன்றும்.

நீர்ச்சறுக்குக்கு ஒரு தம்பியும் உண்டு. 1985-இல் கலிஃபோர்னியாவில் டோனி ஃபின் என்பவர், கடலலையில் சறுக்கும் பலகையைச் சிறிதாக்கி, அதன் மேல் நின்றபடி படகை இழுக்கச் செய்தார். 1990-இல் ஹெர்ப் ஓப்ரையன் என்பவர் மெல்லிய நல்ல பலகை ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கியதும் ‘வேக் போர்டு’ ஊரெங்கும் பரவியது. படகு ஓடும்போது அதன் பின்னால் இருபுறமும் விரிந்து எழும் அலைக்கு ஆங்கிலத்தில் ‘வேக்’ என்று பெயர். நாம் வால் அலை என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த அலையைச் சாய்தளமாக்கிக்கொண்டு ஆகாயத்தில் எம்பிக் குட்டிக்கரணம் போடுவதுதான் வேக் போர்டு.

அண்ணனுக்கு ஆகாதது தம்பிக்கு அமுதம்

சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. வீட்டில் தகப்பனார் சறுக்குக் கட்டையில் பழகியவர். பிள்ளை வேக் போர்டுதான் வேண்டும் என்கிறான். இருவருக்கும் தனித்தனிப் படகு வாங்க யாரால் முடியும்? புதுப் படகு என்றால் அமெரிக்காவிலேயே லட்சம் டாலரைத் தாண்டும். ஆகவே பழையதாக ஒன்று வாங்கி இரண்டுக்கும் ஓட்ட வேண்டும். ஆனால் இரண்டு விளையாட்டும் கேட்கும் தண்ணீர் ஒன்றல்ல.

சறுக்குக் கட்டைக்காரர் வேகம் கேட்பவர். மிதவைகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் பந்தயத்தில் ஆண்களுக்கு மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55 கிலோமீட்டர் என்று உச்ச வேகம் விதித்திருக்கிறார்கள். படகின் நடுக்கோட்டிலிருந்து ஒவ்வொரு மிதவையும் 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். கயிறோ 18.25 மீட்டரில் தொடங்கிப் படிப்படியாகக் குறுகும். கெட்டிக்காரர்கள் 10.25 மீட்டர் கயிற்றிலும் மிதவையைச் சுற்றி வருகிறார்கள். கயிறு மிதவை வரைக்குமே எட்டாது. மிச்ச தூரத்தை உடம்பைச் சாய்த்துக் கையை நீட்டித்தான் எட்டிப் பிடிக்க வேண்டும். அந்த வேகத்தில் வால் அலையைக் குறுக்கே கடக்கும்போது அலை மேடாக இருந்தால் முழங்கால் மூட்டு கழன்றுவிடும். ஆகவே அவருக்கு அலை தாழ்வாக, மெத்தை போல இருக்க வேண்டும்.

வேக் போர்டுக்காரர் மணிக்கு 32 முதல் 38 கிலோமீட்டர் வரை போனால் போதும் என்பார். ஆனால் அலை உயரமாக, கெட்டியாக, வரப்பு வெட்டினாற்போல இருக்க வேண்டும் என்பார். ஒரே படகில் இரண்டும் எப்படிக் கிடைக்கும்?

வழி இருக்கிறது. குழம்பில் உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். மிஞ்சிவிட்டால் எடுக்க முடியுமா? அலையும் அப்படியே. தாழ்ந்த அலை எழுப்பும் படகில் பாரம் ஏற்றினால் அலை உயரும். உயர்ந்த அலை எழுப்பவென்றே கட்டிய கனத்த படகை இளைக்க வைக்க வழியில்லை. பாரத்துக்குக் கல்லும் மண்ணும் வேண்டாம். தடித்த பைகளில் ஆற்றுத் தண்ணீரையே சிறு பம்பு வைத்து நிரப்பினால் ஆயிற்று. 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தகப்பனார் முறை வந்ததும் தண்ணீரை வெளியே விட்டுவிடலாம். மாலிபு படகுகள் சிலவற்றில் பின்புறத்தைக் கீழே அமுக்கும் தகடு ஒன்றும் உண்டு. அது பாதி பாரத்தின் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆனால் பையை நிரப்ப ஆசைப்பட்டு அளவு மீறக் கூடாது. எத்தனை பேர், எத்தனை எடை என்று பல படகுகளில் தகடு அடித்திருப்பார்கள். அதை மீறிப் பாரம் ஏற்றிவிட்டுச் சட்டென்று வேகத்தைக் குறைத்தால், படகின் முன்புறம் தன் அலையிலேயே முழுகும்.

இயந்திரம் எங்கே இருக்கிறது?

நம் கடற்கரையில் படகின் பின்னால் தொங்கும் மோட்டாரைத்தான் அதிகம் பார்க்கிறோம். சறுக்குப் படகில் இயந்திரம் படகுக்குள்ளேயே இருக்கும். விசிறியும் சுக்கானும் படகின் அடியில், பின் விளிம்புக்கு உள்ளே மறைந்திருக்கும். தண்ணீரில் விழுந்து எழும் மனிதரின் காலுக்கு இது எவ்வளவு பெரிய காப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு. முன்னே போகச் சொன்னால் குதிரை. பின்னே போகச் சொன்னால் எருமை மாடு, நாம் திருப்புகிற பக்கம் திரும்பாது.

இதிலும் இரண்டு ஜாதி. இயந்திரம் படகின் நடுவே உட்கார்ந்து, தண்டு நேரே பின்னால் போவது ஒன்று. இதன் அலை தாழ்வானது. இயந்திரத்தைப் பின்கோடியில் திருப்பி வைத்து, தண்டை முன்னே கொண்டுவந்து மறுபடி பின்னே மடக்கி விடுவது மற்றொன்று. ஆங்கில ‘வி’ எழுத்துப் போல மடங்குவதால் ‘வி டிரைவ்’ என்பார்கள். பின்புறம் கனப்பதால் அலை உயரும்; நடுவே உட்கார விசாலமான இடமும் கிடைக்கும். பிள்ளைகள் மட்டுமே விளையாடப் போகிறார்கள் என்றால் தாராளமாக இதை வாங்கலாம். ஆனால் இரண்டும் வேண்டும் என்கிறவருக்கு, 1990-களில் கட்டிய, நடுவில் இயந்திரம் உள்ள படகுதான் ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

கயிறு கட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். சறுக்குக் கட்டைக்கு நடுவே நிற்கும் குட்டைத் தூண். வேக் போர்டுக்கு உயரத்திலிருந்து இழுக்க வேண்டுமாதலால், பின்னாளில் வளைவு போல ஒரு குழாய்க் கோபுரம் வைத்தார்கள். பழைய படகில் அது பிறகு பூட்டியதாக இருந்தால், போல்ட்டுகளுக்கு அடியில் கெட்டித் தகடு வைத்திருக்கிறார்களா, சுற்றிலும் விரிசல் கண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆகாயத்தில் எம்பியவன் இறங்கும்போது கொடுக்கும் வெட்டு முழுவதையும் தாங்குவது அந்த நாலைந்து போல்ட்டுகள்தாம்.

அடியில் ஒளிந்திருக்கும் செலவு

பழைய படகு பார்க்கப் போகிறவர்கள் பளபளக்கும் பெயிண்டையும் மெத்தையையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். மெத்தையைத் தையற்காரர் தைத்துக் கொடுத்துவிடுவார். பார்க்க வேண்டியது தரைக்கு அடியில். மேலே ஃபைபர் கிளாஸ் போர்த்தியிருந்தாலும், பழைய படகுகளில் இயந்திரத்தைத் தாங்கும் நீளச் சட்டங்கள் மரத்தாலானவை. திருகாணித் துவாரம் வழியே தண்ணீர் இறங்கி வருஷக் கணக்கில் மரத்தைத் தின்றுகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கரெக்ட் கிராஃப்ட் 1993 சுமாரில் மரத்தை அறவே கைவிட்டது. அதற்கு முந்திய படகானால் சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்றால் நலம். ‘பொத் பொத்’ என்றால் உள்ளே உளுத்துவிட்டது. இயந்திரம் பூட்டிய போல்ட்டை ஸ்பானர் வைத்துத் திருகினால் இறுகாமல் சுற்றிக்கொண்டே போகிறதா? நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்படுங்கள். அதைச் சீர்செய்ய இயந்திரத்தைத் தூக்கி, தரையை அறுத்து, புதிதாகச் சட்டம் வைக்க வேண்டும். படகின் விலையையே அது விழுங்கிவிடும்.

இயந்திரம் பெரும்பாலும் 5.7 அல்லது 5.8 லிட்டர் கொள்ளளவுள்ள, எட்டு சிலிண்டர் மோட்டார் கார் இயந்திரமே. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறதா? உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. எட்டு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அளவு கொஞ்சம் முன்பின் இருப்பதைவிட, ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இருப்பதுதான் ஆபத்து. படகு தண்ணீரில் நிற்கும்போது தண்டு வெளியேறும் இடத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் பயப்பட வேண்டாம். வயல் பம்பு செட்டில் கிளாண்டு கசிவதில்லையா, அதுபோலத்தான். ஒழுகினால்தான் தப்பு. “ஆயிரம் மணி ஓடிவிட்டதே ஐயா” என்று யாராவது கலவரப்படுத்தினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுங்காக ஓடி, ஒழுங்காக ஆயில் மாற்றிய ஆயிரம் மணி, கொட்டகையில் பத்து வருஷம் முடங்கிக் கிடந்த இருநூறு மணியைவிட மேல்.

நம்மூர்த் தண்ணீர்

அமெரிக்காவில் இந்தப் படகுகளைக் கட்டியது நல்ல தண்ணீர் ஏரிகளுக்காக. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி இயந்திரத்தினுள் சுற்றவிட்டுக் குளிர்வித்து வெளியே தள்ளும் ஏற்பாடு அது. நம் புதுச்சேரியில் அமைதியான நீர் எங்கே இருக்கிறது? கடலில் அலை அடங்குவது அபூர்வம். ஊசுட்டேரி பறவைகளின் சரணாலயம். அங்கே இந்த இரைச்சலுக்கு இடமில்லை. மிஞ்சுவது கடலூர் சாலையில் 8 கிலோமீட்டரில் நோணாங்குப்பத்தை ஒட்டி, உல்லாசப் படகுகள் போய்வருகிற சுண்ணாம்பாற்றுக் கழி. அதுவோ கடலோடு கலக்கும் உப்புத் தண்ணீர். அந்த நீரை அப்படியே இரும்பு இயந்திரத்துக்குள் விட்டால், முதலில் புகைக்குழல்கள் உள்ளுக்குள் துருப்பிடிக்கும். பிறகு ஒரு நாள் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி இயந்திரம் இறுகி நின்றுவிடும்.

ஆகவே நம் பக்கத்துக்கு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘உள்ளே நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றுகிறதா?’ என்பது. அந்த ஏற்பாட்டில் காரின் ரேடியேட்டரைப் போல நல்ல தண்ணீர் இயந்திரத்துக்குள்ளேயே சுற்றும். உப்புத் தண்ணீர் வேறொரு குழாயில் வந்து அதன் சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகும். அப்போதும் புகைக்குழல்களில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் கலக்கும். அவற்றைக் கழற்றிப் பார்க்காமல் விலை பேச வேண்டாம். ஒவ்வொரு நாள் ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர்க் குழாயை மாட்டிச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கழுவுவதும் அவசியம்.

கழியில் இன்னொரு சங்கதி, ஆழம். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறிக்கும் சுக்கானுக்கும் அரை மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். முகத்துவார மணல் மேடு காலத்துக்குக் காலம் இடம் மாறும். ஒரு தடவை தரை தட்டினால் தண்டு வளைந்துவிடும். அங்கே வலை விரித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. நம் விளையாட்டு அலை அவர்களுடைய சிறு தோணியைக் கவிழ்க்கும், விசிறி அவர்களுடைய வலையை அறுக்கும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் ஓட்டலாம் என்று அதிகாரிகளிடமும் அவர்களிடமும் கேட்டுக்கொண்டு இறங்குவதுதான் முறை. 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி இயந்திரப் படகைப் பதிவு செய்வதும் கட்டாயம். படகின் காகிதங்கள் சரியில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு எமன்கள்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. இயந்திரப் பெட்டிக்கு அடியில் தேங்கி நிற்கும். சாவியைத் திருப்பும்போது எழும் ஒரு பொறி போதும். இதற்காகவே ஆவியை வெளியே ஊதித் தள்ளும் மின்விசிறி ஒன்று வைத்திருப்பார்கள். அது ஓடாத படகை இயக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். ஓடினாலும் நாலு நிமிஷம் ஊதவிட்டு, பெட்டியைத் திறந்து மோந்து பார்த்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

மற்றொன்று கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் கிடையாது. பழைய படகுகளின் புகை பின்புற மேடைக்கு அடியில்தான் வெளியேறும். பிள்ளைகள் உட்கார ஆசைப்படுகிற இடமும் அதுவே! இயந்திரம் ஓடும்போது அந்த மேடையைப் பிடித்துத் தொங்கியவர்கள், மயங்கித் தண்ணீரில் விழுந்து உயிர்விட்டது அமெரிக்க ஏரிகளில் பலமுறை நடந்திருக்கிறது. எவரும் மேடையில் இருந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். ஓட்டுபவர் முன்னால் பார்க்க, சறுக்குகிறவரையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு ஆள் படகில் இருந்தே தீர வேண்டும்.

விலை பேசி முடிக்குமுன் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். “போன வாரம்தான் ஐயா ஓட்டினோம், அருமையாகப் போச்சு” என்பார் விற்பவர். இருக்கட்டும். நீங்கள் போவதற்கு முன்பே அவர் இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருந்தால், ஆறும் வரை காத்திருந்து பச்சைத் தண்ணீராக இருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். கூடவே சறுக்குக் கட்டைக்காரர் ஒருவரையும் வேக் போர்டுக்காரர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். முதலில் பை காலியாக, 55 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர். பிறகு தண்ணீர் நிரப்பி, 35 கிலோமீட்டரில் மற்றவர். சக்கரத்தைப் பிடித்திருப்பவர், கயிற்றில் இருப்பவர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகு நேர்கோட்டில் போகிறதா என்று கவனிக்க வேண்டும். இழுத்த பக்கம் சாய்ந்து போனால் அடியிலுள்ள சிறு துடுப்புத் தகடுகள் தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கலாம். இந்த இயந்திரம் பெட்ரோலை நிறையக் குடிக்கும்; சோதனை ஓட்டத்துக்கான பெட்ரோலை வாங்குகிறவரே போட்டுக்கொண்டு போவதுதான் மரியாதை.