பிரித்த பிறகே பெயர்

நெருக்கியடித்துக் கிடக்கும் பொருள்களுக்கு நடுவிலிருந்து கேட்டதை மட்டும் எடுத்துத் தருவது சிறு பிள்ளைக்கும் எளிது. ரோபோவுக்கு அது எவ்வளவு கடினம் என்பதை 2015இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அமேசான் நடத்திய போட்டி காட்டியது. அலமாரியிலிருந்து 12 பொருள்களை 20 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். எந்தெந்தப் பொருள்கள் வரக்கூடும் என்ற பட்டியல் அணிகளிடம் முன்பே இருந்தது. அப்படியும் முதலிடம் பெற்ற பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி எடுத்தது 10தான். பொருளைப் பற்றிப் பிடிப்பதில் உள்ள சிக்கல் ஒரு பக்கம். ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது இயந்திரத்துக்குப் புலப்படாதது இன்னொரு பக்கம். அடையாளம் காண்பது முதல் வேலை, பிரிப்பது அடுத்த வேலை என்று நினைப்பது இயல்பு. வரிசை தலைகீழ் என்பதே என் வாதம். பிரித்தால்தான் பெயர் சொல்ல முடியும். பிரிப்பதற்கு நிறத்தைவிட ஆழமே, அதாவது ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே, நம்பகமான சான்று.

சாதாரண கேமரா ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளியைத்தான் பதிகிறது. வெள்ளைப் பெட்டிமேல் வெள்ளைப் பெட்டி இருந்தால் எல்லை கரைந்துவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஆரஞ்சு, தனிப் பழமாகத் தெரியும். நிழல் விழுந்த இடத்தில் இல்லாத விளிம்பு முளைக்கும். நிறத்தின் துணையே இல்லாமல் பிரிக்க முடியுமா என்ற கேள்விக்கு, பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பேலா யூலெஷ் 1960இல் அழகான விடை தந்தார். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளைக் கணினியால் தாறுமாறாக இறைத்து இரண்டு படங்கள் செய்தார். இரண்டும் ஒரே படம்தான். நடுவே ஒரு சதுரப் பகுதியின் புள்ளிகள் மட்டும் ஒன்றில் சற்றே பக்கவாட்டில் நகர்ந்திருந்தன. தனித்தனியே பார்த்தால் எதுவும் தெரியாது. இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு மற்றொன்று என்று காட்டியதும் சதுரம் தளத்தைவிட்டு எழுந்து மிதந்தது. அதற்குக் கோடு இல்லை, நிறம் இல்லை, முன்பே தெரிந்த வடிவமும் இல்லை. மூளை பொருளை அறிந்த பிறகுதான் ஆழத்தைக் கணிக்கிறது என்ற எண்ணத்தை அந்தச் சதுரம் உடைத்தது.

இயந்திரத்துக்கு ஆழம் காணும் அந்த ஆற்றலை மலிவாகக் கொடுத்தது ஒரு விளையாட்டுக் கருவி. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் சுமார் 150 டாலருக்கு விற்கத் தொடங்கிய கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்தது. சில அங்குலம் தள்ளியிருந்த கேமரா அந்தப் புள்ளிகளைப் படம் பிடித்தது. பொருள் அருகில் இருந்தால் புள்ளி அதிகம் விலகித் தெரியும், தொலைவில் இருந்தால் குறைவாக விலகும். பிறகெல்லாம் பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. 2013இல் வந்த அடுத்த கினெக்ட் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. ஓடுவது ஒளி. ஒரு செ.மீ. ஆழ வேறுபாட்டை அறிய, ஒரு நொடியின் 1,500 கோடியில் ஒரு பங்கைப் பிரித்துணர வேண்டும் என்றால் இந்தப் பொறியியலின் நுட்பம் விளங்கும். இப்படிக் கிடைக்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தூரம். பெட்டியின் விளிம்பில் அந்த எண் சட்டென்று தாவுகிறது. அந்தத் தாவல்தான் எல்லை.

பெயர் தெரியாமலே பிரிக்கலாம் என்பதற்கு வலுவான சான்று, பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வந்தது. பொருள்கள் குவிந்து கிடப்பதுபோல் கணினியிலேயே 50,000 ஆழப் படங்களை உருவாக்கி, அவற்றைக் கொண்டே ஒரு நரம்பியல் வலைப்பின்னலைப் பயிற்றுவித்தார்கள். அது அதுவரை பார்த்திராத நிஜப் பொருள்களையும் தனித்தனியாகப் பிரித்தது. மனிதர்கள் கையால் குறித்த ஏராளமான வண்ணப் படங்களில் பயின்ற வலைப்பின்னலுக்கு இணையாகவே அது செயல்பட்டது. காரணம் எளிது. வண்ணப் படத்தில் ஒளி, பளபளப்பு, அச்சு எல்லாவற்றையும் தத்ரூபமாகப் போலி செய்தாக வேண்டும்; ஆழப் படத்திலோ வடிவம் மட்டுமே இருப்பதால், செயற்கைப் படத்துக்கும் நிஜத்துக்கும் இடைவெளி குறைவு.

பெருந்தரவு கிடைத்த பிறகு ஆழம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2023இல் மெட்டா வெளியிட்ட பிரிப்பு மாதிரி 1.1 கோடி படங்களிலும் 100 கோடிக்கு மேற்பட்ட எல்லைக் குறிப்புகளிலும் பயின்றது. வண்ணப் படம் ஒன்றே அதற்குப் போதும். அதன் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் படத்தில் ஒரு புள்ளியைச் சுட்டினால், அது ஒன்றுக்கு மூன்றாக விடை தரும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது: முழுப் பொருள், அதன் பகுதி, பகுதிக்குள் பகுதி. புட்டியா, புட்டிமேல் ஒட்டிய தாளா என்பது தட்டையான படத்தில் தீராத ஐயம் என்பதை அதுவே ஒப்புக்கொள்கிறது. நீளும் இயந்திரக் கைக்கு, பொருள் எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்பதும் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே உயரமுள்ள இரண்டு பெட்டிகள் ஒட்டி நின்றாலோ, மேசையில் இரண்டு தபால் உறைகள் கிடந்தாலோ தாவல் இல்லை; அங்கே ஆழக் கேமராவுக்குக் கண் இல்லை, நிறம்தான் கைகொடுக்க வேண்டும்.

கண்ணாடி டம்ளரும் எவர்சில்வர் தட்டும் இதைவிடக் கடினமான எதிர்வாதம். ஒளி ஒன்றில் ஊடுருவிப் போய்விடுகிறது, மற்றதில் வேறு திசைக்குத் தெறிக்கிறது. ஆழப் படத்தில் அந்த இடம் ஓட்டையாகிறது, அல்லது பின்னாலிருக்கும் மேசையின் தூரம் பதிவாகிறது. பெர்லின் அணி இந்தக் குறையையே ஒரு துப்பாக மாற்றிக்கொண்டது: ஆழ அளவு கிடைக்காமல் போவதையும் பொருளின் அடையாளக் குறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. பின்னர் கூகுள் ஆய்வாளர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உருவாக்கிய கிளியர்கிராஸ்ப், வண்ணப் படத்தில் கண்ணாடி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே பதிவான பொய்யான ஆழத்தை நீக்கி, பரப்பின் சாய்வையும் விளிம்பையும் கணித்து உண்மையான ஆழத்தை நிரப்புகிறது. கண்ணாடிப் பொருள்களை இடுக்கிக் கையால் எடுப்பதில் 12 சதவீதமாக இருந்த வெற்றி, ஆழத்தைத் திருத்திய பிறகு 74 சதவீதமாக உயர்ந்தது. வண்ணப் படம் அங்கே செய்தது ஆழத்தைத் திருத்தும் வேலை. கை நீண்டது, திருத்திய ஆழத்தை நம்பித்தான்.