தங்கம் வேறு, தங்கச் சுரங்கப் பங்கு வேறு

சந்தை தளம்பும் காலங்களில் பணம் தங்கத்தை நாடி ஓடுவது வழமை. தங்கத்தின் விலை ஏறும்போது, "தங்கத்தை வாங்குவதைவிட தங்கச் சுரங்கக் கம்பனியின் பங்கை வாங்கினால் பல மடங்கு இலாபம்" என்ற பேச்சும் அடிபடும். இதில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. பணத்தைப் போடுமுன் எதை வாங்குகிறோம் என்பதை விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

'ஜூனியர்' எனப்படும் சிறிய சுரங்கக் கம்பனிகளில் பெரும்பாலானவை தங்கம் விற்பவை அல்ல, தங்கம் தேடுபவை. அவற்றுக்கு விற்பனை வருமானம் கிடையாது. புதிய பங்குகளை வெளியிட்டுத் திரட்டும் பணத்தைக் கொண்டே நிலத்தைத் துளையிட்டுப் பார்க்கின்றன. பணம் முடிந்தால் மீண்டும் பங்கு வெளியீடு. அவ்வாறு வெளியிடும் ஒவ்வொரு தடவையும் பழைய பங்குதாரரின் உரிமை வீதம் குறைகிறது.

2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடி இதற்கு நல்லதொரு பாடமாகும். 2007 இறுதியில் அவுன்ஸ் ஒன்று 830 டொலரைத் தாண்டியிருந்த தங்கம், 2008 இறுதியில் 870 டொலர் அளவில் நின்றது. ஆனால் ஜூனியர் கம்பனிகள் நிறைந்த கனடாவின் டி.எஸ்.எக்ஸ். வென்ச்சர் சந்தைச் சுட்டெண் அதே ஆண்டில் 70 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. தங்கம் தப்பியது, தங்கம் தேடியவர்கள் தப்பவில்லை.

அனுமதிப்பத்திரமும் வழக்கும்

சந்தையைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. கனடாவின் கிறிஸ்டலெக்ஸ் கம்பனியின் கதையே அதற்குச் சான்று. வெனிசுவேலாவின் லாஸ் கிறிஸ்டினாஸ் சுரங்கத்தை அபிவிருத்தி செய்ய அந்நாட்டு அரச நிறுவனத்துடன் இக்கம்பனி 2002இல் ஒப்பந்தம் செய்தது. அங்கு சுமார் 1.7 கோடி அவுன்ஸ் தங்கம் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 2007இல் சுற்றாடல் அமைச்சு கேட்ட பிணைத்தொகையையும் கம்பனி கட்டியது. எனினும் 2008 ஏப்ரலில் சுற்றாடல் அனுமதி மறுக்கப்பட்டது. 2011இல் ஒப்பந்தமும் இரத்தாகியது.

கம்பனி சர்வதேச நடுத்தீர்ப்பு மன்றத்தை நாடியது. 2016 ஏப்ரலில் வெனிசுவேலா 1.2 பில்லியன் டொலரையும் வட்டியையும் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பானது. கேட்பவர்களுக்கு இது மாபெரும் வெற்றி. ஆனால் தீர்ப்பு பணமாகிவிடுமா? பணத்தை அறவிட, வெனிசுவேலா அரச எண்ணெய்க் கம்பனியின் அமெரிக்கச் சொத்தான சிட்கோவின் தாய்க் கம்பனிப் பங்குகள் மீது டெலவெயார் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு நடந்தது. அப்பங்குகளை விற்கும் உத்தரவு வெளிவந்தது 2025 நவம்பரில்தான். அனுமதி மறுக்கப்பட்டு அப்போது 17 ஆண்டுகள் கடந்திருந்தன.

இதற்கிடையில் பங்குதாரரின் நிலை என்ன? 2011 டிசம்பரில் 100 மில்லியன் டொலர் கடன் பத்திரங்களைத் திருப்பிச் செலுத்த முடியாமல் கிறிஸ்டலெக்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. வழக்கை நடத்த 2012இல் 36 மில்லியன் டொலர் கடன் கொடுத்த நிதி நிறுவனம், கிடைக்கும் தேறிய தொகையில் 35 சதவீதம் வரை தனக்கென எழுதி வாங்கியது. பின்னர் கடன் கூடக்கூட அப்பங்கும் கூடியது. ஒரு கடை நொடிந்தால் முதலில் எடுப்பவர் யார், கடைசியில் நிற்பவர் யார் என்பதை நமது வர்த்தகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குதாரர் கடைசியில் நிற்பவர். வழக்கில் வென்ற கம்பனியிலும் அவரது இடம் அதுவே.

கவனிக்க வேண்டியவை

இத்துறையில் இலாபமே இல்லை என்பதல்ல. ஈக்வடோரில் 2006இல் பெரும் தங்கப் படிவைக் கண்டுபிடித்த அவ்ரேலியன் கம்பனியை, 2008இல் கின்ரோஸ் நிறுவனம் சுமார் 1.2 பில்லியன் கனேடிய டொலருக்கு வாங்கியது. ஆனால் இத்தகைய வெற்றிகள் மிகச் சிலவே. எனவே பங்கு வாங்குமுன் பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

தங்கம் இருப்பதாக உறுதிப்படுத்தியவர் யார்? இந்தோனேசியாவில் பெரும் தங்கம் கண்டதாகச் சொன்ன பிரி-எக்ஸ் கம்பனியின் மாதிரிகள் போலியானவை என 1997இல் தெரியவந்தபோது, பல பில்லியன் டொலர் சந்தைப் பெறுமதி மறைந்துபோனது.

தோண்டுவதற்கான அனுமதி கையில் இருக்கிறதா, அல்லது வாக்குறுதி மட்டுந்தானா?

கையிலுள்ள காசு எத்தனை மாதங்களுக்குப் போதும்?

பங்குதாரருக்கு முன்னால் எவ்வளவு கடன் நிற்கிறது?

வழக்கு இருந்தால் அதற்குச் செலவழிப்பவர் யார்? வென்றால் அவர் எவ்வளவு எடுப்பார்? தோற்ற தரப்பிடம் அறவிடக்கூடிய சொத்து எங்கே இருக்கிறது?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால் ஒதுங்கி நிற்பதே மேல். விடை கிடைத்தாலும் இழந்தால் தாங்கக்கூடிய தொகையை மட்டுமே போடுங்கள். கடையின் சுழற்சி முதலும் கடன் வாங்கிய காசும் இதற்கு உரியவை அல்ல. பாதுகாப்புக்காகத் தங்கத்தை நாடுபவர் தங்கத்தையே வாங்கட்டும். சுரங்கப் பங்கை வாங்குபவர், தாம் வாங்குவது தங்கத்தை அல்ல, ஓர் எதிர்பார்ப்பையே என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.