சதுர்த்திப் பூரணத்துக்கு வீட்டு உளுந்து

விநாயக சதுர்த்தியன்று பனமரத்துப்பட்டி வட்டாரத்து வீடுகளில் உப்புக் கொழுக்கட்டையும் செய்வதுண்டு. தம் நிலத்தில் உளுந்து விளைத்த குடியானவரும் அதற்குக் கடைப் பருப்பை வாங்க நேரிடுவது பெரும்பாலும் பயறு வண்டினாலேயாம். இவ்வண்டு வயலில் காய் முற்றும்போதே முட்டையிட்டு, பின்னர்ச் சேமிப்பிலும் பெருகும். முழுப் பயற்றையே அது நாடும். உடைத்த பருப்பில் எளிதில் பெருகாது. ஆகையால் விதைக்கு வேண்டியது நீங்கலாக, வீட்டுச் செலவுக்கான உளுந்தை அறுவடையானதும் நன்கு காயவைத்துத் திரிகையில் உடைத்து வைத்தல் நலம்.

பூரணத்துக்கு 1 ஆழாக்கு உளுத்தம்பருப்பை 2 மணி நேரம் ஊறவைத்து, நீரை முற்றும் வடித்து, 4 மிளகாய் வற்றல், உப்பு, பெருங்காயம் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைக்க வேண்டும். இட்டிலித் தட்டில் 10 நிமிஷம் ஆவியில் வேகவைத்து, ஆறியபின் உதிர்த்து, நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து அதில் வதக்கி, தேங்காய்த் துருவல் கலக்கவேண்டும். நீர் மிகுந்தால் பூரணம் உதிராது. தேங்காய் சேர்வதால் அன்றே உண்டு முடித்தல் வேண்டும்.

வரும் அறுவடையில் குடியானவர்கள் இம்முறையைக் கையாண்டு, வண்டுக்குப் போகும் உளுந்தைப் பண்டிகை இலைக்குக் காப்பார்களாக. கிராம அதிகாரிகளும் இதனை யாவர்க்கும் எடுத்துரைத்தல் நன்று.