பெட்டியில் அச்சிட்ட வேகம்

2000 ஜூலை 31 அன்று இன்டெல் நிறுவனம் 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 சிப்பை அறிவித்தது. ஒரு கிகாஹெர்ட்ஸ் எல்லையை மார்ச் மாதமே போட்டி நிறுவனமான ஏஎம்டி முதலில் தொட்டிருந்தது. ஓரிரு நாளில் இன்டெலும் தொட்டுவிட்டது. ஆனாலும் பந்தயத்தில் இரண்டாமிடம் இரண்டாமிடம்தானே!

புதுச் சிப்பின் மாதிரிகள் கணினிச் சாதனங்களைச் சோதித்து எழுதுபவர்களுக்குப் போயின. அவர்களில் ஒருவர் தாமஸ் பாப்ஸ்ட். ஜெர்மானியர், படிப்பால் மருத்துவர். அவர் கைக்கு வந்த சிப், லினக்ஸ் கெர்னலைக் கம்பைல் செய்யச் சொன்னபோது பாதியிலேயே படுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான கோப்புகளை அடுத்தடுத்து விழுங்க வேண்டிய வேலை அது. சிப்புக்கு ஓய்வே கிடைக்காது, ஒரு பிட் பிசகினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். பாப்ஸ்ட் இதை எழுத, வேறு சிலரும் சோதித்து அதே கோளாறைக் கண்டார்கள். ஆகஸ்ட் 28-ல் இன்டெல் அந்தச் சிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அறிவித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சாதன விமர்சனம் என்பது பெட்டியில் உள்ளதை எடுத்து எழுதுவதல்ல. தயாரிப்பாளர் எதிர்பார்க்காத வேலையைக் கொடுத்துப் பார்ப்பது.

அடுத்த ஆண்டே இன்னொரு வேடிக்கை. ஏடிஐ-யின் ரேடியான் 8500 கிராஃபிக்ஸ் கார்டு, ‘குவேக் 3’ விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. அந்த விளையாட்டுதான் அப்போது எல்லோரும் வைக்கும் தேர்வுத்தாள். சோதனையாளர்கள் நிரலுக்குள் ‘குவேக்’ என்றிருந்த பெயரை ‘குவாக்’ என்று மாற்றி ஓட்டினார்கள். விளையாட்டு அதேதான், பெயர் மட்டுமே வேறு. வேகம் இறங்கியது, படம் தெளிந்தது! கார்டின் டிரைவர் மென்பொருள் விளையாட்டைப் பெயரைக் கொண்டு அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறது.

ஏமாற்று இல்லாத எண்ணும் ஏமாற்றும். ஒரு நொடிக்குள் 50 படங்கள் தலா 16 மில்லி நொடியில் வந்துவிட்டு, 51-ஆவது படம் மட்டும் 200 மில்லி நொடி இழுத்தால், சராசரி ‘நொடிக்கு 51 படம்’ என்று சமர்த்தாகச் சொல்லும். விளையாடுபவருக்கோ திரை ‘டக்’கென்று நின்று நகரும். இதனால்தான் 2011-ல் சாதன விமர்சகர் ஸ்காட் வாசன் ஒவ்வொரு படத்துக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே அளந்து எழுதினார். இன்று கிராஃபிக்ஸ் கார்டு விமர்சனங்களில் அந்த அளவு இல்லாமல் இருப்பது அரிது.

இப்போது நம் பைக்கு நேரடியாக வேட்டு வைப்பது, கணினியில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி. விலை மலிந்த பலவற்றில் ஒரு நினைவகச் செல்லுக்குள் 3 அல்லது 4 பிட்டுகளைத் திணிக்கிறார்கள். அப்படி எழுத நேரம் பிடிக்கும். அதை மறைக்க, ஒரு பகுதியை மட்டும் செல்லுக்கு 1 பிட் என்று வேகமாக எழுதும் தற்காலிக இடமாக ஒதுக்குகிறார்கள். பெட்டியில் அச்சாகும் எழுதும் வேகம் பெரும்பாலும் அந்த இடத்தின் வேகம். அது நிரம்பியதும் வேகம் சரியும். சில 4 பிட் வகைகள் பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். சின்னக் கோப்புகளைப் போட்டுப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. நூறு, இருநூறு ஜிபியை ஒரே மூச்சில் எழுதிப் பார்க்க வேண்டும்.

எனவே எஸ்எஸ்டி வாங்குமுன் நான்கு விமர்சனங்களைப் புரட்டுங்கள். நீண்ட நேரம் எழுதிப் பார்த்த வரைபடம் எதில் இருக்கிறதோ அதை மட்டும் நம்பிக் கடைக்குப் போங்கள்.