குழல் மாற்றும் சில விநாடிகள்

முதல் உலகப் போரில் பெருஞ்சேதம் விளைவித்த கனரக இயந்திரத் துப்பாக்கிகளில் பலவற்றின் குழலைச் சுற்றித் தண்ணீர் உறை இருந்தது. இடைவிடாமல் சுடலாம், தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இலகுரகத் துப்பாக்கிகளைத் தூக்கி ஓடலாம். ஆனால் அவை சீக்கிரமே சூடேறிவிடும். இருவகை வேலையையும் ஒன்றே செய்ய வேண்டும் என்ற தேவையில் பிறந்ததுதான் பொதுப்பயன் இயந்திரத் துப்பாக்கி. இருகால் தாங்கியில் வைத்தால் இலகுரகம், முக்காலியில் ஏற்றினால் கனரகம்.

ஜெர்மனியின் எம்.ஜி. 34 இதைச் சாதித்தது. தண்ணீர் இல்லை, சூடேறிய குழலைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அதன் பாகங்களை எஃகிலிருந்து கடைந்து கடைந்து எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்த வேகம் போதவில்லை.

தீர்வு தந்த வெர்னர் குரூனர் துப்பாக்கி நிபுணர் அல்லர். டோபெல்ன் நகரில் தகரப் பொருள்கள் செய்த குரோஸ்ஃபூஸ் நிறுவனத்தின் பொறியாளர். உலோகத் தகட்டை அச்சில் அழுத்தி உருக்கொடுப்பதில் தேர்ந்தவர். அவர் வடிவமைத்த எம்.ஜி. 42-இன் உடல், அழுத்திய தகடுகளைப் பற்றவைத்தே உருவானது. எஃகும் உழைப்பு நேரமும் வெகுவாகக் குறைந்தன. அந்தத் திறமை நாஜிப் படைக்கு உழைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 தோட்டாக்களை, அதாவது விநாடிக்கு 20 தோட்டாக்களைச் சுட்டது. எல்லோரும் வியப்பது இந்த வேகத்தை. எனக்கோ வலப்பக்கத் திறப்பு வழியாகச் சில விநாடிகளில் குழலை உருவி மாற்றும் ஏற்பாடுதான் பெரிதாகப் படுகிறது. அது இல்லாவிட்டால் அந்த வேகமே குழலை அழித்துவிடும்.

இதன் அருமை, போருக்குப் பின் வந்த அமெரிக்காவின் எம்60 இயந்திரத் துப்பாக்கியில் தெரிந்தது. எம்.ஜி. 42-இன் தோட்டாப் பட்டை ஊட்டும் முறையை அது எடுத்துக்கொண்டது. ஆனால் தாங்கு கால்களையும் வாயு உருளையையும் குழலோடு சேர்த்தே பொருத்திவிட்டார்கள். குழலில் கைப்பிடியும் இல்லை. ஆகவே ஒவ்வொரு மாற்றுக் குழலும் வீண் சுமையானது. சுடும் குழலைக் கழற்ற, வீரர் கல்நார்க் கையுறை அணிய வேண்டியிருந்தது. குண்டுகள் பறக்கும் இடத்தில் அந்தக் கையுறை தொலைந்தால் என்ன ஆகும்?

பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் எர்னஸ்ட் வெர்வியே 1950களில் வடிவமைத்த மாக் இயந்திரத் துப்பாக்கி, இந்தத் தொல்லைக்கு இடம் தரவில்லை. தாங்கு கால்கள் உடற்பகுதியோடு நிற்கும். தூக்கிச் செல்லும் கைப்பிடி குழலில் இருக்கும். அதைப் பிடித்தே திருகிக் கழற்றலாம். இந்தியத் தரைப்படைக்காக இது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரானது. 1990களில் அமெரிக்கக் காலாட்படையும் எம்60-ஐக் கைவிட்டு, எம்240 என்ற பெயரில் இதையே ஏற்றுக்கொண்டது.